வெப்பமுள்ளின் சான்று

மோட்டார் வண்டியைச் செலுத்துவோன் தன் கண்ணெதிரே உள்ள பலகையிற் சில முட்களைக் காண்கின்றான். அவற்றுள் எரிபொருள் முள் பொய்த்தால் வண்டி வழியில் நின்றுவிடும்; வேகமுள் பொய்த்தால் தண்டம் கட்ட நேரும்; வெப்பமுள் பொய்த்தாலோ எஞ்சினே அழிந்துவிடுதல் கூடும். இத்துணைப் பெரிய கேட்டுக்கு இடமாகிய முள்ளை நாம் எவ்வளவு நம்பலாம்? அது காட்டுவது எஞ்சினின் உண்மை நிலையா, அன்றி அதற்குச் செய்தி அனுப்பும் வெப்பவுணரியின் கோளாறா? இவ்வினாவிற்கு விடை காணும் நெறியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடத்தில் இருவகைத் தவறுகள் நிகழ்வதுண்டு. எஞ்சின் நலமாக இருக்க, உணரி பொய்யாகக் கொதிப்பைக் காட்டுமாயின், உரியவன் அஞ்சி றேடியேற்றரையும் நீர்ப்பம்பியையும் மாற்றிப் பணத்தை இழக்கின்றான். எஞ்சின் உண்மையிலே கொதிக்க, உணரி அதனை மறைக்குமாயின், அவன் கவலையின்றி வண்டியை ஓட்டி எஞ்சினை இழக்கின்றான். முதலாவது தவறு கைப்பொருளோடு போகும். இரண்டாவது தவறு வண்டியையே கொண்டுபோகும். ஆகவே முள் கூறுவதை முற்றாக நம்புதலும் தகாது. முற்றாகத் தள்ளுதலும் தகாது. ஆராய்ந்து தெளிதலே தக்கது.

ஆராய்ந்து தெளிதற்குரிய வாயில்களை நம் முன்னோர் அளவை என்று வழங்கினர். சைவசித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனையும் சிறப்பாகக் கொள்வர். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியாரின் சுபக்கம், பொருளாராய்ச்சியிற் புகுமுன்னரே அளவையை வகுத்துரைக்கின்றது. வெப்பமுள் நமக்குத் தருவது உரையளவை போன்றதொன்று. நாம் நேரிற் காணாத ஒன்றைப் பிறிதொன்று நமக்குச் சொல்கின்றது. உரை ஏற்கத்தக்கதாவது, உரைப்போன் நம்பத்தக்கவனாயின் மாத்திரமே. அவன் நம்பத்தக்கவனோ என்பதைக் காட்சியாலும் கருதலாலும் தெளிதல் வேண்டும். மோட்டார்த் தொழிலிற் பழுதறிதல் என்பது இதற்கு வேறானதன்று.

எஞ்சினும் அதன் வெப்பமும்

உணரியின் பொய்யை அறிதற்கு முன், உண்மை எவ்வாறிருக்கும் என்பதை அறிதல் வேண்டும். இக்கட்டுரையிற் கூறப்படும் பாகைகள் யாவும் செல்சியசு அளவைக்குரியன.

பெற்றோலும் வளியும் கலந்து உருளையினுள்ளே எரியும்போது, அவ்வாயுவின் வெப்பநிலை 2000 பாகையையும் கடக்கின்றது. எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வண்டியை இயக்கப் பயன்படுகின்றது. ஏறக்குறைய அவ்வளவே புகைக்குழாய் வழியே போகின்றது. எஞ்சியதிற் பெரும்பங்கு எஞ்சினின் சுவர்களிற் படிகின்றது. அதனை அகற்றாவிடின் உலோகம் விரிந்து, ஆடுதண்டு உருளையில் இறுகிவிடும். அதனாலேயே எஞ்சினின் உட்புழைகளில் நீரை ஓடவிட்டு, அந்நீரை றேடியேற்றரிற் குளிரச் செய்கின்றனர்.

எனினும் எஞ்சின் மிகவும் குளிர்ந்திருத்தலும் நன்றன்று. குளிர்ந்த எஞ்சினிற் பெற்றோல் நன்கு ஆவியாகாது; எண்ணெய் தடித்து நிற்கும்; தேய்வு மிகும். ஆதலின் நீர் செல்லும் வழியில் வெப்பநிலைநிறுத்தி என்னும் வால்வொன்றை அமைத்துள்ளனர். தொழிலாளர் இதனைத் தேமோஸ்ரற்று என்பர். இதனுள் அடைக்கப்பட்ட மெழுகு, பெரும்பாலான வண்டிகளில் 82 முதல் 88 பாகை வரையில் உருகி விரிந்து வால்வைத் திறக்கின்றது. அதன்முன் நீர் றேடியேற்றருக்குச் செல்வதில்லை. நலமுள்ள எஞ்சின் இவ்வாறு 80 பாகைக்கும் 100 பாகைக்கும் இடைப்பட்ட நிலையிலே நின்று இயங்குகின்றது.

றேடியேற்றரின் மூடி நீரை அமுக்கத்தில் வைத்திருக்கின்றது. திறந்த பாத்திரத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், வளிமண்டல அமுக்கத்தின் இருமடங்கான அமுக்கத்தில் 120 பாகையளவிலேதான் கொதிக்கும். ஆகவே சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவன், 100 பாகைக்கு மேற்பட்ட நீரின் அமுக்கத்தை ஒருங்கே நீக்கிவிடுகின்றான். அந்நீர் அக்கணமே கொதித்து ஆவியாகி முகத்தில் அடிக்கும். உணரியைச் சோதிக்கப் புகும் மாணவன் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவேயாகும்: எஞ்சின் ஆறும்வரை மூடியையோ உணரியையோ கழற்றலாகாது.

சான்று கூறும் கருவியின் வரலாறு

தொடக்ககால வண்டிகளில் வெப்பமானி பலகையில் இருக்கவில்லை. 1910களில் அமெரிக்காவிற் பொயிசு என்பார் ஆக்கிய மோட்டோமீற்றர் என்னும் கருவி றேடியேற்றரின் மூடிமேலேயே பொருத்தப்பட்டது. செலுத்துவோன் கண்ணாடியூடாக அதனை நோக்கி வெப்பத்தை அறிந்தான். அக்கருவி அளந்தது நீரின் வெப்பத்தையன்று. நீருக்கு மேலுள்ள ஆவியின் வெப்பத்தையேயாம். கருவி தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தையே கூறும் என்னும் உண்மை அந்நாளிலேயே விளங்கிற்று. இவ்வுண்மை பின்னரும் நமக்குப் பயன்படும்.

அடுத்து வந்தது நுண்குழாய் வெப்பமானி. எஞ்சினிற் பொருத்திய குமிழொன்றினுள் எளிதில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். அதன் ஆவியமுக்கம் மெல்லிய செப்புக் குழாய் வழியே பலகைக்கு வந்து, வளைந்த குழாயொன்றை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். இதில் மின்சாரம் இல்லை. குழாய் ஒடிந்தால் ஆவி வெளியேறிவிடும். முள் குளிர்ந்த இடத்திலேயே கிடக்கும்.

1960களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மின்முறை வெப்பமானி வழக்கிலிருந்தது. அதில் மின்னோட்டத்தாற் சூடேறும் ஈருலோகத் தகடு வளைந்து முள்ளை நகர்த்தும். பற்றரியின் அழுத்தம் கூடியும் குறைந்தும் வருவதால், 10 உவோற்று என்னும் நிலையான சராசரி அழுத்தத்தைத் தரும் நிலைப்படுத்தி ஒன்று பலகைக்குப் பின்னே வைக்கப்பட்டது. அதே நிலைப்படுத்தி எரிபொருள் முள்ளுக்கும் மின் அளித்தது. இவ்வமைப்பில் அழகியதோர் அனுமானம் உண்டு. வெப்பமுள் மாத்திரம் உயர்ந்து நின்றால், எஞ்சினையோ உணரியையோ ஐயுறலாம். வெப்பமுள்ளும் எரிபொருள் முள்ளும் ஒருங்கே உயர்ந்து நின்றால், எஞ்சின் சூடேறியதனாற் பெற்றோல் பெருகியது என்று எவரும் கூறார். இரண்டுக்கும் பொதுவான காரணமே பழுதுற்றது; அஃதாவது நிலைப்படுத்தி. ஒரு கருவியையும் கழற்றாமல், இரண்டு முட்களை ஒப்பிட்டு நோக்கியே பழுதின் இடத்தை அறிந்துவிடலாம்.

இக்காலத்து வண்டிகளில் உணரியின் பணி மேலும் பெரிதாகிவிட்டது. அது செலுத்துவோனுக்கு மாத்திரமன்றி, எஞ்சினை ஆளும் கணினிக்கும் செய்தி கூறுகின்றது. எவ்வளவு பெற்றோல் பீச்சவேண்டும், எப்பொழுது தீப்பொறி இடவேண்டும், றேடியேற்றர் விசிறியை எப்பொழுது சுழற்றவேண்டும் என்பனவற்றை அக்கணினி இவ்வுணரியின் சொல்லையும் கொண்டு முடிவு செய்கின்றது. ஆகவே உணரி பொய்த்தால் அறிவிப்பு மாத்திரம் பிழையாவதில்லை, ஆட்சியும் பிழையாகின்றது.

உணரி இயங்கும் விதம்

உலோகங்கள் சூடேறும்போது அவற்றின் மின்தடை கூடும். சில பொருள்களில் இதற்கு மாறாகத் தடை குறையும். வெள்ளிச் சல்பைட்டு இத்தகையது என்பதை மைக்கேல் பரடே 1833இற் கண்டார். மங்கனீசு, நிக்கல், கோபாற்று முதலியவற்றின் ஒட்சைட்டுக்களைச் சுட்டு ஆக்கிய சிறு குறைகடத்தித் துண்டுகளும் இத்தன்மையன. எஞ்சின் வெப்பவுணரி என்பது, பித்தளை உறையொன்றினுள் வைத்த இத்தகைய துண்டேயாகும். இதனை வெப்பத்தடையி என்பர்.

பெரிதும் வழக்கிலுள்ள ஒருவகை உணரியை எடுத்துக்கொள்வோம். அதன் தடை 20 பாகையில் 2500 ஓம். 40 பாகையில் ஏறக்குறைய 1175 ஓம். 60 பாகையில் 596 ஓம். 80 பாகையில் 323 ஓம். 100 பாகையில் 186 ஓம். இவ்வெண்களிற் கருதத்தக்கதொன்று உண்டு. 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் செல்லும்போது தடை 1300 ஓமுக்கு மேற் குறைகின்றது. 80 பாகையிலிருந்து 100 பாகைக்குச் செல்லும்போதோ 137 ஓம் மாத்திரமே குறைகின்றது. அஃதாவது, வெப்பம் மிகுந்த நிலையில் ஒவ்வோர் ஓமும் பெரும்பொருள் உடையது. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

கணினி 5 உவோற்று அழுத்தத்தைத் தன்னுள் உள்ள ஒரு நிலையான தடையூடாக உணரிக்கு அனுப்புகின்றது. உணரியின் மற்றைய முனை கணினி வழியே புவித்தொடுப்பை அடைகின்றது. இரு தடைகளும் அழுத்தத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும். நிலையான தடை 2500 ஓம் எனக் கொள்வோமாயின், 20 பாகையில் உணரியின் முனைகளில் 2.5 உவோற்றும், 80 பாகையில் ஏறக்குறைய 0.57 உவோற்றும், 100 பாகையில் ஏறக்குறைய 0.35 உவோற்றும் காணப்படும். கணினி காண்பது வெப்பத்தையன்று, இவ்வழுத்தத்தையேயாம். அழுத்தத்திலிருந்து வெப்பத்தை அது அனுமானிக்கின்றது. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பவன், பனியைப் புகையென மயங்கினாற் பிழைபடுவதுபோல, கணினியும் அழுத்தம் வேறொரு காரணத்தால் மாறுமிடத்துப் பிழைபடும்.

முழுப்பொய்யும் அரைப்பொய்யும்

உணரியின் கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். அழுத்தம் முழு 5 உவோற்றாக நிற்கும். கணினி இதனைக் கடுங்குளிர் என எண்ணும். வாசிப்புக் கருவியிற் பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகை என்பது போன்றதோர் எண் தோன்றும். இரு கம்பிகளும் ஒன்றோடொன்று தொட்டால் அழுத்தம் பூச்சியமாகும். கணினி இதனைக் கொதிப்பின் எல்லை என எண்ணும். இவை முழுப்பொய்கள். இப்பொய்களைக் கணினியே கண்டுகொள்ளும். எந்த எஞ்சினும் இயல்பாக அந்நிலையை அடையாதன்றோ? அது எச்சரிக்கை விளக்கை ஏற்றி, பழுதுக் குறியீட்டைப் பதிந்துவைக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் வண்டிகளிற் கட்டாயமாக்கப்பட்ட பொது முறையில், அழுத்தம் மிகக் குறைந்தமைக்கு பி 0117 என்பதும், மிகக் கூடியமைக்கு பி 0118 என்பதும் குறியீடுகளாம். இந்நிலையிற் பல வண்டிகளின் கணினிகள் உணரியின் சொல்லைத் தள்ளிவிட்டு, காப்பாக விசிறியை இடையறாது சுழலவிடுகின்றன. எனவே முழுப்பொய் பெரும்பாலும் எஞ்சினைக் கெடுப்பதில்லை.

அஞ்சத்தக்கது அரைப்பொய்யே. உணரியின் செருகியில் ஈரம் புகுந்து பச்சைக் களிம்பு பிடித்துவிட்டது எனக் கொள்வோம். அக்களிம்பினால் மின்வழியில் 300 ஓம் தடை கூடுகின்றது. குளிர்ந்த எஞ்சினில், 20 பாகையில், உணரியின் 2500 ஓமோடு 300 ஓம் சேர்ந்து 2800 ஓம் ஆகும். கணினி இதனை ஏறக்குறைய 17 பாகை என வாசிக்கும். மூன்று பாகைப் பிழையை எவர் பொருட்படுத்துவர்? எஞ்சின் 80 பாகையை அடையும்போது 323 ஓமோடு 300 ஓம் சேர்ந்து 623 ஓம் ஆகும். கணினி இதனை ஏறக்குறைய 59 பாகை என வாசிக்கும். எஞ்சின் 100 பாகையை அடையும்போது 186 ஓமோடு 300 ஓம் சேர்ந்து 486 ஓம் ஆகும். கணினி இதனை 66 பாகை அளவாக வாசிக்கும்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க. நீர் 100 பாகையில் நிற்கின்றது. கணினியோ எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என நம்புகின்றது. 95 பாகையளவிற் சுழலவேண்டிய விசிறியை அது சுழற்றுவதில்லை. குளிர் எஞ்சினுக்கென்று மிகுதியான பெற்றோலை ஊட்டுகின்றது. புகைக்குழாயிற் கரும்புகை தோன்றுகின்றது. எரிபொருட் செலவு கூடுகின்றது. ஓடும் வண்டியில் எதிர்காற்று நீரைக் குளிர்விப்பதால் தீங்கு வெளிப்படாது. நெரிசலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் கொதிக்கின்றது. முள்ளோ நடுவிற்குக் கீழே அமைதியாக நிற்கின்றது. கணினி காலப்போக்கில் பி 0116 அல்லது பி 0128 என்னும் குறியீட்டைப் பதிதல் கூடும். ஆயின் பி 0128 என்பது பெரும்பாலும் வெப்பநிலைநிறுத்தி திறந்தபடி நின்றுவிட்டமையைக் குறிப்பதாகக் கொள்ளப்படுவது. அதனை வாசித்தவர் குற்றமற்ற வால்வை மாற்றிவிட்டு, களிம்பை அப்படியே விட்டுவிடுதலும் உண்டு. குறியீடு என்பது தீர்ப்பன்று, முறைப்பாடு மாத்திரமே.

அரைப்பொய்க்கு வேறு காரணங்களும் உள. ஒற்றைக் கம்பியுள்ள உணரி தன் திருகுப்புரி வழியே எஞ்சினிற் புவித்தொடுப்பைப் பெறுகின்றது. நீர் ஒழுகாதிருத்தற்பொருட்டு அப்புரியில் தெப்லோன் நாடாவை மிகுதியாகச் சுற்றினால், அத்தொடுப்பிலே தடை ஏறிவிடும். இன்னொன்று, நீர் குறைந்த எஞ்சின். உணரி நீரை விட்டு வெளிப்பட்டு, வளிக்குமிழில் தொங்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருக்க, உணரி வளியின் குறைந்த வெப்பத்தைக் கூறும். இங்கே உணரியிற் பழுதில்லை. அது தான் இருக்கும் இடத்தின் நிலையை உண்மையாகவே கூறுகின்றது. மோட்டோமீற்றரிடம் கற்ற பாடம் இங்கே மீண்டும் வருகின்றது. ஆகவே எச்சோதனைக்கும் முன்னர், எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில் நீரின் அளவை நோக்குதல் வேண்டும்.

சோதிக்கும் முறை

சோதனைகளை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் ஒழுங்கிற் செய்தல் நன்று.

முதலாவது, விடியற்காலைச் சோதனை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் நீரும், எஞ்சினும், உள்ளிழுக்கப்படும் வளியும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். எஞ்சினை இயக்காமல் திறப்பை மாத்திரம் திருப்பி, வாசிப்புக் கருவியை இணைத்து, நீருணரியின் எண்ணையும் வளியுணரியின் எண்ணையும் ஒப்பிடுக. இரண்டும் ஓரிரு பாகைக்குள் ஒத்திருக்குமாயின் நன்று. நான்கு ஐந்து பாகை வேறுபாடு தோன்றின் அதனைக் குறித்து வைக்க. குளிரிற் காணும் சிறு பிழை சூட்டிற் பெரும்பிழையாகும் என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது, ஏற்றத்தை நோக்குதல். எஞ்சினை இயக்கி, எண் எவ்வாறு உயர்கின்றது எனக் காண்க. எஞ்சினில் உள்ள பல இலீற்றர் நீர் ஒரு நொடியில் 30 பாகை ஏறவோ இறங்கவோ முடியாது. ஆகவே எண் திடீரெனத் தாவுமாயின், அது நீரின் செய்தியன்று. கம்பியின் அல்லது செருகியின் செய்தியாகும். கம்பியை மெல்ல அசைக்கும்போது எண் தாவினால் ஐயம் உறுதிப்படும். எண் ஒழுங்காக உயர்ந்து 60 அல்லது 65 பாகையில் நின்றுவிடுமாயின், றேடியேற்றரின் மேற்குழாயை எச்சரிக்கையோடு தொட்டு நோக்குக. தொடக்கமுதலே அது சிறிது சிறிதாகச் சூடேறியிருப்பின், வெப்பநிலைநிறுத்தி திறந்தபடி நிற்கின்றது. உணரி மெய்யே கூறியது. குழாய் நெடுநேரம் குளிர்ந்திருந்து பின் திடீரெனச் சூடேறியிருப்பின், வால்வு உரிய வேளையில், அஃதாவது 80 பாகைக்கு மேல், திறந்தது; 60 எனக் கூறிய உணரி பொய்த்தது.

மூன்றாவது, கழற்றியும் இணைத்தும் நோக்குதல். உணரியின் செருகியைக் கழற்றினால் எண் பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகை அளவிற்கு இறங்கவேண்டும். செருகியின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்தால் எண் உச்சத்திற்கு ஏறவேண்டும். இரண்டும் நிகழின், கம்பிவழி அறவில்லை, கணினியும் செயற்படுகின்றது என்பது பெறப்படும். நிகழாவிடின் பழுது உணரிக்கு அப்பாலுள்ளது. ஆயின் ஒன்றை மறத்தலாகாது: 300 ஓம் தடை உள்ள கம்பிவழியும் இச்சோதனையில் தேறிவிடுதல் கூடும். அறுந்த கம்பியைக் காட்டும் சோதனை அரித்த கம்பியைக் காட்டுவதில்லை.

நான்காவது, வெந்நீர்ச் சோதனை. எஞ்சின் நன்றாக ஆறியபின் உணரியைக் கழற்றி, அதன் உலோக முனையை நீருள்ள பாத்திரத்தில் அமிழ்த்துக. பாத்திரத்தின் அடியை அது தொடலாகாது. அருகே வெப்பமானி ஒன்றையும் வைத்து நீரைச் சூடாக்கி, பன்மானியால் தடையை 30, 60, 80, 100 பாகைகளில் அளந்து, வண்டியின் கைந்நூலிற் கொடுத்த எண்களோடு ஒப்பிடுக. இரசாயன ஆய்வுகூடத்திற் பழகிய மாணவனுக்கு இது எளிய பரிசோதனை. அளவுகள் ஒத்திருப்பின் உணரி குற்றமற்றது. புதிய உணரியை வாங்குதல் வீண்செலவு.

ஐந்தாவது, புவித்தொடுப்பின் அழுத்தத்தை அளத்தல். உணரியை மீண்டும் பூட்டி, எஞ்சின் சூடேறியபின், உணரியின் புவித்தொடுப்பு முனைக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே அழுத்தத்தை அளக்க. வழி நன்றாயின் அது பூச்சியத்தை அடுத்து நிற்கும். நாம் கருதிய 300 ஓம் களிம்பு அவ்வழியில் இருக்குமாயின், 100 பாகையில் ஏறக்குறைய 0.5 உவோற்று தோன்றும். மறைந்திருந்த அரைப்பொய் இங்கே வெளிப்படுகின்றது.

செந்நிறக்கீழ்க் கதிர்களைக் கொண்டு தொடாது வெப்பத்தை அளக்கும் கைக்கருவி இப்பொழுது எளிதிற் கிடைக்கின்றது. வெப்பநிலைநிறுத்தியின் உறைமேல் அதனைக் குறிவைத்து, உணரியின் சொல்லோடு ஒப்பிடலாம். ஆயின் பளபளப்பான உலோகம் அக்கதிர்களைக் குறைவாகவே வெளிவிடும். அதன்மேற் குறிவைத்தாற் கருவி உண்மையிற் குறைந்த வெப்பத்தையே காட்டும். கருமையான ஒட்டுநாடா ஒரு துண்டை ஒட்டி அதன்மேற் குறிவைத்தால் இப்பிழை நீங்கும். சாட்சியைச் சோதிக்க வந்த கருவியும் ஒரு சாட்சியே. அதனையும் சோதித்தே ஏற்றல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

மேற்கூறியவற்றை ஒருங்கு சேர்த்து நோக்குதற்பொருட்டு, கற்பனையாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் அது குறையின்றி ஓடுகின்றது. நகர நெரிசலில் நின்றால் மூடியருகே நீராவி எழுகின்றது. முள்ளோ நடுவைத் தாண்டுவதில்லை. ஒருவர் வெப்பநிலைநிறுத்தியை மாற்றினார்; இன்னொருவர் நீர்ப்பம்பியை மாற்றினார்; குறை நீங்கவில்லை. மூன்றாமவர் முள் ஏறவில்லை ஆதலின் கொதிப்பே இல்லை எனச் சாதித்தார்.

நாம் முதலில் எஞ்சின் ஆறியிருக்க நீரை நோக்குகின்றோம். அளவு சரியாக உள்ளது. விடியற்காலையில் வளியுணரி 26 பாகையும் நீருணரி 22 பாகையும் கூறுகின்றன. எஞ்சினை இயக்கிச் சூடேறவிட்டு, கருநாடாவின்மேற் கைக்கருவியைக் குறிவைக்க 95 பாகை காணப்படுகின்றது, உணரியோ 65 என்கின்றது, விசிறி சுழலவில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு உணரியை வெந்நீரில் இட, 100 பாகையில் 186 ஓம் கிடைக்கின்றது. ஆகவே உணரி மெய்யன். கணினிக்குச் சென்றடையும் சொல் பொய்யாயின், இடையிலே அச்சொல் திரிந்திருத்தல் வேண்டும். புவித்தொடுப்பின் அழுத்தத்தை அளக்க, அரை உவோற்று தோன்றுகின்றது. செருகியைத் திறந்து நோக்க, முனையொன்றிற் பச்சைக் களிம்பு. அதனைத் துடைத்துப் புதிய முனை பொருத்தியதும் உணரி 95 என்கின்றது, விசிறி சுழல்கின்றது. இரண்டு உறுப்புக்களை மாற்றியும் தீராத குறை, ஒரு செருகுமுனையை மாற்றத் தீர்ந்தது.

இனி மறுதலையாக, எல்லாச் சோதனைகளிலும் உணரி மெய் கூறியதாகவே முடிந்தால், அவ்வுண்மையை ஏற்கும் துணிவும் வேண்டும். முள் ஏறுகின்றது, உணரி நன்று, எனவே எஞ்சின் கொதிக்கின்றது. விசிறி சுழல்கின்றதா, றேடியேற்றர் அடைபட்டதா, நீர் எங்கேனும் ஒழுகுகின்றதா, தலைப்பகுதியின் கஸ்கற்று வெடித்துள்ளதா என்று தேடவேண்டுமேயன்றி, உணரியின் கம்பியைக் கழற்றிவிட்டு மன அமைதி பெறுதல் தகாது. விரும்பாத செய்தியைச் சொன்னான் என்பதற்காகத் தூதனைத் தண்டித்தல் அரச நீதியாகாது என்பதை நம் நூல்கள் பலவிடத்தும் வற்புறுத்தும்.

முடிவுரை

பழுதறிதல் என்பது உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தலன்று. ஒரு கருவி கூறுவதை அதனோடு தொடர்பற்ற இன்னொரு கருவியோடு ஒப்பிட்டு, இரண்டும் முரணுமிடத்து முரணின் காரணத்தைத் தேடுதலே பழுதறிதலாம். விடியற்காலையில் வளியின் வெப்பமும், குழாயைத் தொடும் கையும், கொதிக்கும் நீரும், பற்றரியின் முனையும் நமக்குக் கிடைக்கும் பிற சாட்சிகள். இவற்றுட் பலவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்குமே வேண்டும்.

பொய்யை முற்றாகச் சொல்பவனை உலகம் விரைவில் அறிந்துகொள்ளும். மெய்யோடு சிறிது பொய் கலந்து, தீங்கில்லாத வேளையில் மெய்யனாகவும் இடர் வந்த வேளையிற் பொய்யனாகவும் நிற்பவனை அறிதலே அரிது. 20 பாகையில் மூன்று பாகையளவே பிழைத்து, 100 பாகையில் 34 பாகை பிழைக்கும் செருகி அத்தகையது. குளிர்ந்த வேளையில் அதனைச் சோதித்து நன்றெனத் தள்ளிவிட்டவன், சூடேறிய வேளையிற் கைவிடப்படுவான். ஆதலின் எச்சான்றையும், அது நமக்கு எந்நிலையில் வேண்டப்படுகின்றதோ அந்நிலையிலேயே சோதித்தல் வேண்டும். எஞ்சின் அறையிற் கற்கும் இப்பாடம் எஞ்சின் அறையோடு நின்றுவிடுவதன்று. கல்லூரியை விட்டு நீங்கிப் பல துறைகளிலும் புகும் மாணவர்க்கு, ஏட்டிற் கற்ற அளவை நூலின் பயன் இத்தகைய சிறு செயல்களிலேதான் முதலில் விளங்கும்.